இலத்தீன் யாருடைய உடைமை?

இங்கிலாந்தில் 2025 பிப்ரவரியில், கல்வியாண்டின் நடுவே, 40 அரசுப் பள்ளிகளின் இலத்தீன் வகுப்புகளுக்கான நிதியுதவி நிறுத்தப்பட்டது. 5000க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதனால் பயன்பெற்று வந்தனர். முந்தைய அரசு 2021இல் 40 இலட்சம் பவுண்டு ஒதுக்கி அறிவித்து, 2022 செப்டம்பரில் தொடங்கிய நான்காண்டுத் திட்டம் அது. கோடை விடுமுறை வரையிலாவது நீட்டியுங்கள் என்ற வேண்டுகோளுக்கு, நிதி நெருக்கடியைக் காட்டி அரசு கைவிரித்துவிட்டது.

செத்த மொழி தொலைந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உண்டு. அது மேட்டுக்குடியினரின் அணிகலன், ஏழைச் சிறுவனுக்கு எதற்கு என்பது அவர்தம் வாதம். அதில் பாதி உண்மை இருக்கவே செய்கிறது. 1960ஆம் ஆண்டளவில் அவ்விதி தளரும் வரை, இலத்தீன் தேறாதவனுக்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கதவு திறக்கவில்லை. மொழியை வேலியாக்கினார்கள். ஆனால் வேலிக்கு வெளியே நிற்பவனிடமிருந்து மட்டும் அம்மொழியைப் பறிப்பதா வேலியை அகற்றும் வழி? பிரிட்டிஷ் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி, 11 முதல் 14 வயதினர்க்கு இலத்தீன் கற்பித்த அரசுப் பள்ளிகள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை; கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளோ நூற்றுக்கு 49.

அவ்வகுப்பில் நடப்பதுதான் என்ன? 1970இல் முதலில் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இலத்தீன் பாடநூல், பொம்பெயி நகரில் கேக்கிலியுஸ் என்பவரின் இல்லத்தில் தொடங்குகிறது. அவர் உண்மையில் வாழ்ந்த பணவணிகர். 1875இல் அவர் வீட்டிலிருந்து 150க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள், அவருடைய வரவுசெலவுச் சான்றுகளோடு, தோண்டியெடுக்கப்பட்டன. மாணவன் முதல் நாளிலேயே அவ்வீட்டாரை இலத்தீனில் சந்திக்கிறான். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்லின் ஈற்றைக் கொண்டு கண்டறிகிறான். வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு இது இயல்பு. சொல் நிற்கும் இடத்தைக் கொண்டே பொருள் கொள்ளும் ஆங்கிலச் சிறுவனுக்கோ தன் மொழியையே புதிதாய்ப் பார்க்கும் அனுபவம்.

உரோமையைக் கற்பிப்பது பேரரசுக்குத் துதி பாடுவதாகும் என்பாரும் உளர். அவ்வீட்டில் சமையல்காரன் குருமியோ அடிமை, கிளெமென்சும் அடிமை. இவர்களை மனநிறைவுள்ளவர்களாகக் காட்டிவிட்டது நூல் என்ற குறை எழுந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அடிமை வாழ்வும் பெண்கள் வாழ்வும் கூடுதல் கவனம் பெற்றன; கேக்கிலியுஸுக்கு லூக்கியா என்றொரு மகளும் வந்து சேர்ந்தாள். கற்றதனால் அன்றோ குறை கண்டார்கள்?

திருப்பலியைத் தாய்மொழியில் காண்பதில் மகிழ்பவன் நான். பழைய பீட வழிபாட்டுக்கு ஏங்கி இதை எழுதவில்லை. நிதி இல்லையெனில் அடுத்த ஆண்டு புதிய வகுப்பைத் தொடங்காதிருக்கலாம். செப்டம்பரில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, பிப்ரவரியில் அதை மூடி வை என்றது எவ்வகைச் சிக்கனம்? கட்டணம் செலுத்துவோரின் பள்ளியில் அடுத்த பாடம் வழக்கம்போல் நடந்தது.