வாக்குச் சிதறல் என்னும் பூச்சாண்டி: திகாமடுல்லவின் ஆசனக் கணக்கு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில், பாராளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்ட மறுகணமே மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஓர் எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது: வாக்கு சிதறினால் சமூகத்தின் பிரதிநிதித்துவம் பறிபோகும், ஆகவே எல்லோரும் ஒரே சின்னத்தின் கீழ் நிற்க வேண்டும், வேறு சின்னத்தில் கேட்பவர் சமூகத்தைக் காட்டிக்கொடுப்பவர். எம்.எச்.எம். அஷ்ரப் மரச் சின்னத்தின் கீழ் கிழக்கு முஸ்லிம்களைத் திரட்டிய 1980களில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் 2000 செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்து, அவர் கட்டிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸிலிருந்து அதாவுல்லாவின் தேசிய காங்கிரஸும் ரிசாட் பதியுதீனின் அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் பிரிந்து வளர்ந்த பின்னரும், கூட்டிக் கழித்துப் பார்க்கும் சிரமமின்றி அதே எச்சரிக்கை ஒரு மார்க்கக் கடமையைப் போல ஓதப்பட்டு வருகிறது. தேர்தல் முடிவுகளோ இதற்கு நேர்மாறானதைக் காட்டுகின்றன.

திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்துக்கு அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கு தொகுதிகளும் ஏழு ஆசனங்களும் உண்டு. விகிதாசார முறைப்படி, ஐந்து வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகள் முதலில் கழிக்கப்பட, அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸாகக் கொடுக்கப்படுகிறது. தகுதிபெற்ற கட்சிகளின் மொத்த வாக்கை ஆறால் வகுத்து வரும் எண்ணே ஒரு முழு ஆசனத்தின் விலையாகும். அந்த விலைக்குப் பங்கிட்ட பின் மிஞ்சும் ஆசனங்கள், எந்தக் கட்சியிடம் மீதி வாக்கு அதிகமோ அந்தக் கட்சிக்குச் செல்கின்றன. மாவட்டத்தின் மெய்யான போட்டி நடப்பது இந்தக் கடைசி இரண்டு மூன்று ஆசனங்களுக்காகத்தான்.

சிதறல் வாதிகள் பெரிதும் காட்டும் சான்று 2015 ஆகஸ்ட் தேர்தலாகும். முஸ்லிம் காங்கிரஸ் வேட்பாளர்கள் இடம்பெற்ற ஐக்கிய தேசியக் கட்சியின் யானைப் பட்டியல் 151,013 வாக்குகளையும், ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 89,334ஐயும், தமிழரசுக் கட்சி 45,421ஐயும் பெற, தனித்து நின்ற மக்கள் காங்கிரஸின் மயிலுக்கு 33,102 வாக்குகள் விழுந்தும் ஆசனம் கிடைக்கவில்லை. அத்தனை வாக்கும் வீணாயிற்று என்ற புலம்பல் இன்றும் ஓயவில்லை. அன்று ஓர் ஆசனத்தின் விலை சுமார் 53,145 வாக்குகள். மயிலின் வாக்குகள் முழுவதையும் யானையோடு சேர்த்துக் கணக்கிட்டாலும் யானைக்குக் கிடைப்பது, உண்மையில் கிடைத்த அதே நான்கு ஆசனங்கள்தான், ஒன்றுகூட அதிகமில்லை. மாறாக, யானைக்கு விழுந்தவற்றில் 3,100 வாக்குகள் மயிலுக்குப் போயிருந்தால், யானையின் நான்கும் குறையாமல், சுதந்திரக் கூட்டமைப்பின் இரண்டாவது ஆசனம் மயிலுக்குக் கைமாறியிருக்கும். அன்று வாக்கு சிதறியது தவறென்றால், போதிய அளவு சிதறாததே அந்தத் தவறு.

2020இல் நடந்தது இன்னும் தெளிவானது. சஜித் பிரேமதாசவின் தொலைபேசிப் பட்டியலில் முஸ்லிம் காங்கிரஸும், மயிலில் மக்கள் காங்கிரஸும், குதிரையில் தேசிய காங்கிரஸுமாகக் கரையோரம் மூன்றாகப் பிரிந்து நின்றபோது, ஹரீஸ், பைசல் காசிம், முஷாரப், அதாவுல்லா என நான்கு முஸ்லிம் உறுப்பினர்கள் தெரிவாயினர். ‘ஒற்றுமை’ பேசப்பட்ட 2015இல் தெரிவானவர்களோ மூவர். அந்த மூன்று பட்டியல்களும் ஒன்றாகியிருந்தாலும், போனஸ் உட்பட, அதே நான்கு ஆசனங்களே கிடைத்திருக்கும். பொதுஜன பெரமுன இழக்கும் ஓர் ஆசனம் கருணா அம்மானின் தமிழ்ப் பட்டியலுக்குப் போயிருக்கும் என்பதே இந்த ஒற்றுமையின் பலன்!

சிதறல் எப்போதும் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. அதே 2020இல் கருணாவுக்கு 29,379, தமிழரசுக் கட்சிக்கு 25,220 எனத் தமிழ் வாக்குகள் பிளவுபட்டதால், மாவட்டத்திலிருந்து ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் ஓர் ஆசனம் உறுதியாகியிருக்கும். ஆகவே பிளவின் விளைவைத் தீர்மானிப்பது, ஒவ்வொரு துண்டும் மீதி வாக்கின் வரிசையில் எங்கே நிற்கிறது என்பதேயன்றிச் சமூகப் பற்று அல்ல. இதைக் கணக்காகச் சொல்லாமல் துரோகமாகச் சொல்வதால் இலாபமடைபவர்கள், கட்சித் தலைமையிடம் வேட்புமனு வாங்கியவர்கள் மட்டுமே.

ஆசனத்தின் எண்ணிக்கையையே பிரதிநிதித்துவமாக எண்ணுவது இந்த நம்பிக்கையின் அடியிலுள்ள பெரிய பிழை. 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர்களாக வென்ற காரியப்பரும் முஸ்தபாவும் பின்னர் அரசு தரப்புக்குத் தாவினர் என்பது பழைய கதை. 2020 ஒக்டோபரில், கொவிட் தொற்றில் இறந்தோரின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், எதிர்க்கட்சிப் பட்டியலில் வென்ற ஹரீஸும் பைசல் காசிமும் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். நான்கு ஆசனங்கள் இருந்தும் எரிப்பு நின்றது 2021 பெப்ரவரியில்தான். வேறு சின்னத்துக்குப் போகமாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த வாக்காளருக்கு எந்த உறுப்பினரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரையோர வாக்கு ஒரே இடத்தில் உறைந்து கிடக்கிறது என்பதும் மெய்யல்ல. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் தனி உள்ளூராட்சி மன்றம் கேட்ட சாய்ந்தமருது, பெரிய பள்ளிவாசலின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழுவைத் தெரிவுசெய்து கட்சிகளைப் புறக்கணித்தது. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் திகாமடுல்லவில் சஜித் முதலிடம் பெற்றார். இரண்டே மாதங்களில், நவம்பர் 14 அன்று, தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி ஏழில் நான்கு ஆசனங்களை வென்றது. திசைகாட்டியின் தேசியப் பட்டியலில் ஆதம்பாவாவும், மாவட்டத்தில் மரத்திலும் மயிலிலும் தெரிவான தலா ஒருவருமாக மூன்று முஸ்லிம்கள் சபைக்குச் சென்றனர். 2020இல் தெரிவான நால்வரில் ஒருவர்கூட அந்தச் சபைக்குத் திரும்பவில்லை. அவர்களின் இடத்துக்கு வேறு ஆட்களைத் தெரிவுசெய்தது, எந்த வாக்காளர் போட்டி கூடாதென்று எச்சரிக்கப்பட்டாரோ, அதே வாக்காளர்தான்.