கை எட்டாத இடத்தில் பேட்டரி வைக்காதீங்க

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போயிருக்கீங்களா? ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கிக்கொண்டு நடந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவர சி.எம்.டி.ஏ. அமைத்த இடம் அது. ஒரு பக்கம் மணலி, இன்னொரு பக்கம் திருவொற்றியூர். எந்நேரமும் லாரியும் ட்ரெய்லரும்தான். அந்த வண்டிகளை வெறும் சரக்கு வண்டியாகப் பார்க்காதீங்க. லோடு இறங்கும்வரை, துறைமுக வரிசை நகரும்வரை, டிரைவர் சாப்பிடுவது, தூங்குவது, வீட்டுக்கு வீடியோ கால் பேசுவது எல்லாமே அந்தக் கேபினில்தான். சக்கரம் வைத்த வீடு அது.

வெளிநாட்டில் இதற்குக் கொஞ்சம் சொகுசான சொந்தக்காரன் உண்டு: கேம்பர் வேன். அதில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒரு பேட்டரி. லைட், ஃபேன், ஃப்ரிட்ஜுக்குத் தனியாக இன்னொன்று. இந்த இரண்டாவதுக்குப் பெயர் 'ஹவுஸ் பேட்டரி'. பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவர்களின் நீண்டநாள் புலம்பலே அந்த பேட்டரியை மாற்றுவதுதான். சீட்டுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று எங்கேயாவது சொருகி வைத்திருப்பார்கள். பேட்டரியை எடுக்க முதலில் வீட்டையே பிரிக்க வேண்டும்.

நம்ம லாரியில் ஃபேனுக்கும் சார்ஜருக்கும் பட்டறையில் சேர்க்கும் இரண்டாவது பேட்டரி, சினிமா கேரவன், மருத்துவ வேன், நாம ஃபைனல் இயரில் செய்யும் எலக்ட்ரிக் வண்டி ப்ராஜெக்ட் என்று எல்லாவற்றுக்கும் இந்த நோய் தொற்றும். நான் சொல்ல வருவது இதுதான்: பேட்டரியை மாற்றுவது கஷ்டமாக இருந்தால், அந்தக் கஷ்டத்தைக் கொடுத்தது மெக்கானிக் இல்லை, பேட்டரியும் இல்லை. இடத்தை முடிவு செய்த டிசைனர். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போவது நாம.

சரியாகச் செய்யத் தெரியாத ஊரும் இல்லை இது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய கம்பெனியின் லாரியைப் பாருங்க. பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் சேஸிஸின் பக்கவாட்டில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, வெளியிலிருந்து திறக்கும்படி இருக்கும். தரையில் நின்றபடியே வேலை செய்யலாம். இதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் வேண்டாம். வண்டி 15 வருஷம் ஓடும், பேட்டரி 3, 4 வருஷம்தான் உழைக்கும், அப்படியானால் நாலைந்து தடவை வெளியே வந்தாக வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அவ்ளோதான்.

கம்பெனி யோசித்த பேட்டரிக்கு இடம் இருக்கிறது. பிறகு சேர்க்கும் பேட்டரிக்குத்தான் "எங்க காலியா இருக்கோ அங்க வை" என்ற விதி. எட்டாத இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? வரிசையாகச் சொல்றேன்.

முதலில், பார்க்க மாட்டார்கள். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மூடியைத் திறக்க மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்ற வேண்டும் என்றால் யாரும் ஊற்றமாட்டார்கள். பிளேட் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றினால் அந்தப் பகுதி கெட்டுப்போகும். பத்தாததுக்கு, எஞ்சின் சூடு ஏறும் இடமாக இருந்தால் இன்னும் மோசம். வெப்பநிலை சுமார் 10 டிகிரி கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. சென்னை வெயிலுக்கு மேல் எஞ்சின் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்க.

இரண்டாவது, பாதி வேலை செய்வார்கள். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். ஒன்று கை எட்டும் இடத்திலும் மற்றது உள்ளே ஒளிந்தும் இருந்தால், எட்டுவதை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். தொடர் இணைப்பில் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட். வலுவில்லாத பழையது முதலில் காலியாகும். சார்ஜ் ஆகும்போது மொத்த வோல்ட்டேஜ் சரியாகவே காட்டும், ஆனால் இரண்டுக்கும் சமமாகப் பிரியாது. ஒன்று கொதிக்கும், ஒன்று பட்டினி கிடக்கும். கொஞ்ச நாளில் புதுசும் பழசாகிவிடும்.

இதே போல இன்னொரு பழக்கமும் உண்டு. ஃபேனுக்கு 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒயர் இழுப்பது. கீழே இருக்கும் பேட்டரி மட்டும் தினமும் காலியாகும், மேலே இருப்பது ஓவர்சார்ஜ் ஆகும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது. இ.இ.இ. நண்பர்களே, இது உங்க ஏரியா.

மூன்றாவது, ஆபத்து. லாரி பேட்டரி 40 கிலோவை ஒட்டி வரும். தரையில் நின்று தூக்கினாலே முதுகு பிடிக்கும். குனிந்து, கையை நீட்டி, சந்துக்குள்ளிருந்து ஒரு ஆள் இழுத்தால் சொல்லவே வேண்டாம். இடம் நெருக்கமாக இருந்தால் பாசிட்டிவ் முனையில் மாட்டிய ஸ்பேனரின் மறுமுனை பாடியில் உரசும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். அதனால்தான் நெகட்டிவை முதலில் கழற்று என்கிறோம். நெகட்டிவ் முனை உள்பக்கம் போய் மாட்டிக்கொண்டால் அந்த ஒழுங்கை யார் கடைப்பிடிப்பார்?

அதைவிடப் பெரியது, பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கக்கூடியது. காற்றோட்டம் இல்லாத கட்டிலுக்கு அடியில் பேட்டரி, கட்டிலுக்கு மேலே மனுஷன். இந்த டிசைனுக்கு நாம மார்க் போடலாமா?

சரி, எதிர்ப்பக்கமும் கேட்போம். "வெளியே வச்சா ராத்திரியோட ராத்திரியா பேட்டரி போயிடும்." நியாயமான பயம். ஆனால் எட்டுவது வேறு, திறந்து கிடப்பது வேறு. பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியும், உள்ளே வெளியே நகரும் தட்டும் திருட்டுக்கும் தடை, சர்வீஸுக்கும் வழி. "தள்ளி வச்சா ஒயர் நீளம், வோல்ட்டேஜ் விழும்." கணக்குப் போடுவோம். 3 மீட்டர் தள்ளி வைத்தால் போக வர 6 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் விழுவது சுமார் 0.13 வோல்ட்தான். "தாழ்வா வச்சா வெள்ளத்துல மூழ்கும்." 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பார்த்த வடசென்னைக்காரர்கள் இதைச் சும்மா சொல்லமாட்டார்கள். இடுப்பு உயரத்தில் வையுங்க, இரண்டு பிரச்சினைக்கும் அது பதில்.

"லித்தியம் போட்டா எல்லாம் தீர்ந்துடும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவில்தான் இருக்கும். ஆயுளும் அதிகம். மறுக்கவில்லை. ஆனால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சூடேறிப் பழுதாகலாம். ஏதாவது கோளாறென்றால் பி.எம்.எஸ். சப்ளையை வெட்டிவிடும். அப்போது ஃபியூஸையும் முனையையும் பார்க்க நீங்க அங்கே போய்த்தான் ஆகணும். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று மேலே ஒட்டியிருப்பதற்கும் இதுதான் பதில்: தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றுதான் அர்த்தம், மாற்றவே வேண்டாம் என்று அர்த்தமில்லை.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைப்படி, சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல் அது அமல். இந்தியாவின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. நல்லது. ஆனால் வண்டியிலிருந்து வெளியே எடுக்க முடிந்தால்தானே திரும்பக் கொடுக்க முடியும்?

சட்டம் வரும்வரை நாம சும்மா இருக்க வேண்டியதில்லை. சாலிட்வொர்க்ஸில் பேட்டரி என்பது ஒரு செவ்வகக் கட்டி. மவுஸால் இழுத்து எந்தச் சந்திலும் வைக்கலாம். எடை கிடையாது, ஆசிட் கிடையாது, ஸ்பேனர் திருப்ப இடம் வேண்டாம். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. அதனால் ஒரு கோரிக்கை. பேட்டரி உள்ள எந்த ப்ராஜெக்டாக இருந்தாலும், செகண்ட் ரிவ்யூவில் பேனல் முன்னால் அதைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒரே ஆள், கையில் ஒரு ரிங் ஸ்பேனர், 15 நிமிஷம். முடியவில்லை என்றால் மார்க் குறையட்டும். டீமில் யார் கழற்றுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்க. வரைந்தவர் பேரே வந்தால் ரொம்ப நல்லது.