மரத்தில் ஒட்டிய நுரையீரல்

மரப்பட்டையிற் படர்ந்திருக்கும் பச்சைப் பொருள் எதுவாயினும் அதனைப் பாசி என்று சொல்லிவிடுதல் நம்மவர் வழக்கம். கறிக்கு மணமூட்டத் தமிழகத்தார் சேர்க்கும் கல்பாசியும் உண்மையிற் பாசியன்று; அது இலைக்கன் இனத்தைச் சேர்ந்தது. இலைக்கன் தனியுயிருமன்று. பங்கசு ஒன்றும் அல்கா ஒன்றும் கூடி நடத்தும் குடித்தனம் அது. பங்கசு வீட்டைக் கட்டி ஈரத்தைக் காக்கின்றது. அல்கா சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைக்கின்றது. இதனை 1867ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்து தாவரவியலறிஞர் சுவெண்டனர் எடுத்துரைத்தபோது, அக்காலத்து இலைக்கன் அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர்.

இலைபோல் விரியும் இலைக்கன்களை இனங்காணுதல் மாணவர்க்குத் தொல்லை தருவது. முறையைப் பழகுவதற்கு ஐரோப்பியக் காடுகளில் ஓக், மேப்பிள் முதலிய முதுமரங்களில் வளரும் நுரையீரல் இலைக்கனிலும் சிறந்த பாடம் இல்லை. லொபேரியா புல்மொனேரியா என்பது அதன் அறிவியற் பெயர்.

முதலில் அதன்மீது சிறிது நீர் தெளிக்கவேண்டும். காய்ந்த நிலையிற் பழுப்பேறிய கடதாசிபோற் கிடப்பது, சில நிமிடங்களில் இளந்தளிர்போற் பச்சையாகிவிடும். மேற்றோல் நனைந்து ஒளி ஊடுருவத் தொடங்கியதும் உள்ளிருக்கும் அல்காவின் நிறம் வெளித்தெரிவதே காரணம். நனைந்ததா, காய்ந்ததா என்று குறிக்காமல் நிறத்தை மட்டும் எழுதிவைக்கும் குறிப்பினாற் பயனில்லை. அடுத்து, மேற்பரப்பில் வலைபோற் பின்னிய வரம்புகளையும் அவற்றிடையே உள்ள குழிகளையும் நோக்குக. வரம்புகளின்மீது மாவுபோன்ற துகள்கள் காணப்படும். பங்கசையும் அல்காவையும் ஒருங்கே சுமந்து சென்று புதுக்குடி அமைப்பவை இவை. ஓரத்தை மெல்ல உயர்த்தினால், அடிப்புறத்தில் மேலுள்ள குழிகளுக்கு நேரே வெளிறிய புடைப்புகளும், புடைப்புகளின் இடையே கபில நிற மென்மயிரும் தென்படும்.

இதற்கு நெருங்கிய உறவான வேறோர் இலைக்கனிலும் குழிகள் உண்டு. ஆனால் அது நனைந்தாலும் நீலச்சாம்பல் நிறமாகவே இருக்கும்; ஏனெனில் அதிற் பச்சை அல்கா இல்லை, நொஸ்ரொக் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிரே உண்டு. நுரையீரல் இலைக்கனிலோ இருவரும் உளர்: பச்சை அல்கா எங்கும் பரந்திருக்க, நொஸ்ரொக் ஆங்காங்கே சிறு முடிச்சுகளில் அமர்ந்து காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகின்றது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளியிட்டு நிறமாற்றம் காணும் சோதனையும் உண்டு. இவ்வினத்துக்குக் கண்ணும் நீருமே போதும் என்பது என் கருத்து.

வரம்பும் குழியுமான அதன் தோற்றம் நுரையீரலை ஒத்திருந்ததால், அது நுரையீரல் நோய்க்கு மருந்தாகும் என்று பழைய ஐரோப்பிய வைத்தியர் நம்பினர். உருவம் ஒத்தால் குணமும் ஒக்கும் என்ற அந்த நியாயம் எவ்வளவு பலவீனமானது! எனினும் காற்றுக்கும் இவ்வினத்துக்கும் மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. வேரற்ற இலைக்கன் மழையிலும் காற்றிலும் வருவதையெல்லாம் உடல் முழுவதாலும் உறிஞ்சுகின்றது. நஞ்சைத் தடுக்க அதற்கு வழியில்லை. 1866இலேயே நைலாந்தர் என்னும் பின்லாந்து அறிஞர், பாரிஸ் நகரத்து லக்சம்பேர்க் பூங்காவின் இலைக்கன்களைக்கொண்டு காற்றின் தூய்மையை அளக்கலாம் என்று எழுதினார். (சுவெண்டனரை மறுத்தவருள் இவரும் ஒருவர்!) நிலக்கரிப் புகையின் கந்தகமும் முதுமரங்களை வெட்டியமையும் சேர்ந்து, நுரையீரல் இலைக்கனை ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து அகற்றிவிட்டன. ஸ்கொத்லாந்தின் மேற்குக்கரைக் காடுகள் அதன் பெரிய புகலிடங்களுள் ஒன்று. மெதுவாக வளர்ந்து அயல்மரத்துக்கே அரிதிற் பரவும் உயிராகையால், அது செழித்திருக்கும் காடு நெடுங்காலம் அழியாது நின்ற காடு என்று துணியலாம்.

ஆதலால் இனங்காண்பதற்காக அதனைப் பிய்த்தெடுத்தல் கூடாது. நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் மரங்களில் இலைக்கன்களைக் காணும் நம் மாணவரும், கைவில்லையும் நீர்க்குப்பியும் கொண்டு மரத்தில் இருந்தபடியே அவற்றை நோக்குக. எந்த மரம், எந்தப் பக்கம், எந்த நாள் என்பனவற்றை அங்கேயே நின்று எழுதுக.