தரைக்கிணறும் திருட்டு மின்வேலியும்

கோடை முற்றினால் விருத்தாசலம், வேப்பூர்ப் பக்கத்துக் காப்புக்காடுகளில் குட்டைகள் வற்றிவிடுகின்றன. தண்ணீர் தேடி வெளியே வரும் புள்ளிமானைத் தெருநாய்கள் துரத்துகின்றன. தப்பி ஓடும் வழியில் சாலை, சாலையைத் தாண்டினால் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு. இரவில் உள்ளே விழுந்த மானுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. காலையில் யாராவது மோட்டார் போட வரும்வரை நீந்தியாக வேண்டும்; வருவதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். செய்தித்தாளில் நாலு வரியாக வரும் இந்தச் சாவை ‘காட்டு உயிரின் விதி’ என்று கடந்துபோகிறோம். கிணற்றை வெட்டியதும் சுவர் எழுப்பாமல் விட்டதும் மனிதர்கள்தான். அதற்கான பொறுப்பும் நம்முடையதே.

இயற்கையில் கைவைத்தால் கெடுதல்தான் வரும் என்பார்கள் சிலர். புலியிடமிருந்து மானைப் பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அறிந்து செய்த உதவி பலன் தந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட்டார்கள். காட்டில் மேய்ந்த வில்டபீஸ்ட்டுகளையும் அந்த நோய் விட்டுப்போனது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த அவை 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தைத் தொட்டன. சுவிட்சர்லாந்தில் 1978இல் கோழித்தலைக்குள் வெறிநோய்த் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரிகள் தின்றன, இருபது ஆண்டுகளுக்குள் அங்கே நரிகளிடம் வெறிநோய் இல்லாமல் போனது. அறியாமல் செய்யும் உதவி வேறு. சாலையோரக் குரங்குக்குப் பிஸ்கட் வீசுவது அதை வண்டிச் சக்கரத்துக்கு அழைப்பதுதான். கிணற்றிலிருந்து காயமில்லாமல் தூக்கிய மான்கூட, சுற்றிலும் கூச்சலும் செல்போனுமாக ஊரே திரண்டால், மிரட்சியில் தசைகள் சிதைந்து சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துப்போகலாம். கண்களைத் துணியால் மூடி, கூட்டத்தை விலக்கி, வனத்துறையிடம் ஒப்படைப்பதே அதற்குச் செய்யும் முதல் சிகிச்சை.

விவசாயியின் கேள்விதான் இதில் கனமானது. கடன் வாங்கி விதைத்த மக்காச்சோளத்தை ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் சாய்த்துவிட்டுப் போனால், அவரிடம் போய் விலங்கின் வலியைப் பேச முடியுமா? பேசத்தான் வேண்டும், அவருடைய நஷ்டத்தையும் சேர்த்து. பன்றியைத் தடுக்க மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்துப் போடும் வேலி அவரையும் காப்பாற்றுவதில்லை. வரப்பில் நடந்த மனிதர்களே அதில் மாட்டி இறந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படியொரு வேலியில் 3 யானைகள் மடிந்தன. கூட வந்த 2 குட்டிகள் தப்பிப் பிழைத்தன. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்ய விதிகள் கொண்டுவந்தது. கம்பியில் நேரே பாயும் 230 வோல்ட், தொட்ட உடலின் தசையை இறுக்கி விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும். சூரியசக்தி வேலியோ நொடிக்கு ஒருமுறை சுருக்கென்று அடித்து நின்றுவிடும். பன்றிக்கு வலிக்கும், திரும்பி ஓடும், சாகாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை. ஆனாலும் தாடையைச் சிதறடித்து, தின்னவும் முடியாமல் நாள்கணக்கில் பட்டினி போட்டுக் கொல்லும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியை விடத் தேர்ந்தவர் சுடும் குண்டு கொடுமை குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். சூரியசக்தி வேலிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. அந்த வேலியின் ஒவ்வொரு கம்பத்திலும் மின்சாரம் மண்ணுக்கு இறங்காதபடி ஒரு மின்காப்பான் வேண்டும். பீங்கானில் மின்காப்பானும் ஃபியூஸ் கேரியரும் செய்வது விருத்தாசலத்துப் பட்டறைகளுக்குக் கைவந்த தொழில். மானியத் திட்டத்தில் உள்ளூர்ப் பீங்கானுக்கு இடம் கொடுத்தால் சூளைக்கும் வேலை கிடைக்கும். கிணறுகளுக்கு இவ்வளவுகூட வேண்டாம். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்ததால்தான் 2010இல் உச்ச நீதிமன்றம் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. தரைக்கிணற்றுக்கு எழுப்பும் 4 அடிச் சுவரும் அப்படித்தான்; மானுக்கு முன்னால் இரவில் வரப்பில் நடக்கும் மனிதரைக் காக்கும். ஊராட்சிகள் தங்கள் எல்லையில் சுவரில்லாத கிணறுகளை எண்ணி, காப்புக்காட்டுக்கு அருகிலிருப்பவற்றுக்கு முதலில் சுவரும், பாழுங்கிணறுகளுக்குக் கம்பிவலையும் போடட்டும். காட்டுக்குள் இருக்கும் தொட்டிகளை வனத்துறை நிரப்பட்டும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் இவ்வளவும் முடியும்.