ஒயின் திருவிழாவும் பிரயாண ஏற்பாடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியின் பாட் டுர்க்ஹைம் நகரில், செப்டம்பர் மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளில் நடைபெறும் வுர்ஸ்ட்மார்க்ட் ஒயின் உத்ஸவத்தைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, 1417-ஆம் ஆண்டுவரை பின்செல்லும் அதன் பூர்வ சரித்திரத்தையும், 1934-இல் அமைக்கப்பட்ட 17 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள ராட்சசப் பீப்பாயையும் வெகு ரசமாக வர்ணித்திருந்த போதிலும், பிரயாணிக்கு அத்தியாவசியமான ஏற்பாடுகளைச் சொல்லாமல் விட்டது பெருங்குறையென்பதே என் அபிப்பிராயம்.

மன்ஹைமில் வசிக்கும் என்னிடம் லண்டனிலிருந்து வந்த உறவினர், பாட் டுர்க்ஹைமில் விடுதிகள் யாவும் முன்னரே நிரம்பிவிட்டிருந்தபடியால் என் இல்லத்திலேயே தங்கி, டிராமில் உத்ஸவத்திற்குப் போய் வந்தனர். அதுவே உத்தமமான மார்க்கம். ஒயினை அரை லிட்டர் குவளையில் வழங்கும் இடத்திற்கு மோட்டார் வண்டியை ஓட்டிச் செல்வது சற்றும் உசிதமன்று. ஜனத்திரள் கூடுமுன், காலை வேளையில், அறுவடைக்குக் காத்திருக்கும் திராட்சைத் தோட்டங்களினூடே நடந்து சென்றதைத்தான் (குடியாத என் அத்தைகூட!) இன்றளவும் ஆனந்தத்துடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆதலின், இத்தகைய கட்டுரைகளை உத்ஸவ காலத்தில் அன்றி, வசந்த காலத்திலேயே, தேதிகள், தங்குமிட வசதி, இரவில் திரும்பும் டிராம் நேரம் ஆகிய விவரங்களுடன் பிரசுரிக்குமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மன்ஹைம் வாசகர் ஒருவர்