வீடு திரும்பிய பின்னுள்ள பதினான்கு நாள்கள்

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையை அடுத்துக் கடற்கரைப் பக்கமாக அமைந்த ஊர் குளத்தூர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, உறவுகளைப் பிரிக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், பேறுகாலத்துக்குத் தாய்வீடு போவதும் இன்றளவும் கோட்டைக் கடந்தே நடக்கின்றன. இத்தகைய ஓர் எல்லைப்புற வீட்டில் குழந்தைக்குத் திடீரென்று நோய் வந்து நீங்கும்போது என்ன நிகழ்கிறது என்பது, மருத்துவமும் சமூக அறிவியலும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளாகும்.

சுவரைப் பிடித்து நிற்கப் பழகும் பத்துப் பதினொரு மாதப் பிள்ளை ஒன்றைக் கருதுவோம். முன்னிரவில் வாந்தி தொடங்குகிறது, நள்ளிரவுக்குள் வயிற்றுப்போக்கு. விடியும்போது கண்கள் உள்வாங்கி, நாவறண்டு, சிறுநீர் நின்று, பிள்ளை துவண்டு கிடக்கிறது. மருத்துவமனை, நரம்பில் ஏற்றும் திரவம், உறக்கமற்ற மூன்று இரவுகள். நான்காம் நாள் வீடு திரும்பிய பிள்ளை, ஐந்தாம் நாள் திண்ணை முழுதும் தவழ்ந்து, தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து, பூனையைத் துரத்துகிறது. கண்டவரெல்லாம் ஆறுதலுடன் சொல்லும் சொல் ஒன்றே: "பிள்ளைக்குச் சுகமாயிட்டு."

அச்சொல் பாதி உண்மை மட்டுமே. நீரிழப்பு நீங்கியதும் குழந்தையின் சுறுசுறுப்பு விரைந்து மீள்கிறது. ஆனால் நோயால் சிதைந்த குடலின் உட்சுவர் மீண்டும் முழுமையாகச் செயற்படச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். இழந்த எடையை மீட்க அதைவிடவும் காலம் வேண்டும். இதனால்தான் ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் துத்தநாக மாத்திரையை 14 நாள்கள் கொடுக்குமாறு இந்தியாவில் அறிவுறுத்தப்படுகிறது. வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை உணவு கூடுதலாக ஊட்ட வேண்டும் என்பதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. அந்த மாத்திரை இப்போதைய நோயைச் சுருக்குவதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் நோய் மீண்டும் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. ஆயினும் பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் முதலில் நிற்பது அந்த மாத்திரைதான். சுகமான பிள்ளைக்கு மருந்து எதற்கு என்னும் கேள்வி எந்த வீட்டிலும் இயல்பாக எழக்கூடியதே. பிள்ளையின் துடிப்பே அதன் மெலிவை மறைத்துவிடுகிறது.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. வயிறு இன்னும் ஆறவில்லை என்னும் அச்சத்தால் பல வீடுகளில் பிள்ளைக்குக் கஞ்சித் தெளிவு மட்டுமே கொடுக்கப்படுகிறது. இதை மூத்த பெண்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது நேர்மையன்று. உப்பிட்ட அரிசிக்கஞ்சி உடலில் நீரை நிறுத்தும் என்பதை ஆய்வுகளும் பின்னாளில் உறுதி செய்தன. குறை அதன் அளவில்தான் இருக்கிறது. நீரை மீட்கும் கஞ்சித் தெளிவு எடையை மீட்காது. குழைத்த சோறும் பயறும், ஒரு கரண்டி எண்ணெயும், ஏத்தம்பழமும், அங்கன்வாடியில் கிடைக்கும் அமிர்தம் பொடியும் அந்தக் கஞ்சியோடு சேர வேண்டும். தாய்ப்பாலோ ஒருபோதும் நிற்கக் கூடாது. பாட்டியின் அறிவை மறுக்காமல், அதன் மேல் ஒரு படி கூட்டிச் சொல்லும் மருத்துவ உரையாடலே இங்குத் தேவைப்படுவது.

இந்தப் பதினான்கு நாள்களின் உழைப்பை யார் சுமக்கிறார்கள்? பசி முழுதும் திரும்பாத பிள்ளைக்குச் சிறிது சிறிதாக ஆறேழு முறை ஊட்ட வேண்டும். மருத்துவமனையில் ஊசி கண்டு அஞ்சிய பிள்ளை இரவில் திடுக்கிட்டு அழும். தாயின் இடுப்பைவிட்டு இறங்காது. இறங்கினாலோ கைக்கெட்டிய அனைத்தையும் வாயில் வைக்கும். எனவே தரையைத் துடைப்பது, துணிகளைக் கொதிநீரில் அலசுவது, ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகழுவுவது என வேலைகள் பெருகுகின்றன. மூத்த பிள்ளையின் பள்ளியும் தாயின் கூலி வேலையும் அப்படியே காத்துக்கொண்டிருக்கின்றன. மருத்துவமனையில் செவிலியர் செய்தால் பணி எனப்படுவது, வீட்டில் தாயும் பாட்டியும் செய்யும்போது பாசம் எனப்படுகிறது. பாசம் உண்மையே. ஆனால் அச்சொல் உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடப் பயன்படுமானால், அது பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

வீட்டாரின் கை மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழித் திரவம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்து ஊட்டச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, அவர் பொறுப்பிலிருந்த நோயாளிகளிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழாக இறங்கியது. இன்று உலகெங்கும் பொட்டலமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் மீதான நம்பிக்கை, தாய்மாரின் கரண்டியிலிருந்து உறுதிப்பட்டது. தெளிவாகச் சொல்லிக் கொடுத்தால் குடும்பத்தார் செம்மையாகச் செய்வர் என்பதே அம்முகாம் தந்த பாடம்.

தெளிவாகச் சொல்லிக் கொடுப்பது எந்த மொழியில் என்பதே எல்லைப்புறத்தின் தனிச் சிக்கல். குளத்தூர்ப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே நாவில் புழங்குகின்றன. அங்குள்ளோர் மலையாளத்தைக் கேட்டு உணர்வர், ஆகவே சிக்கல் ஏதுமில்லை என்று சிலர் வாதிடக்கூடும். கேட்டு உணர்வது வேறு, படித்து உணர்வது வேறு. மருத்துவர் பகலில் சொன்னது, இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை மீண்டும் வாந்தியெடுக்கும்போது நினைவில் நிற்பதில்லை. அப்போது கையில் இருப்பது ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்த ஒரு தாள் மட்டுமே. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மனு எழுதும்போது மதிக்கப்படும் மொழி, மருந்து கொடுக்கும்போதும் மதிக்கப்பட வேண்டும்.

எல்லைக்கோடு வேறொரு வகையிலும் குழந்தைகளைத் தொட்டிருக்கிறது. கடும் வயிற்றுப்போக்கைத் தோற்றுவிக்கும் ரோட்டா வைரசுக்கு எதிரான தடுப்புமருந்து அரசுத் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டுக்கு 2017இலும் கேரளத்துக்கு 2019இலும் வந்தது. இடைப்பட்ட காலத்தில், விளவங்கோட்டில் பிறந்த பிள்ளைக்கு விலையின்றிக் கிடைத்தது, சில கல் தொலைவிலிருந்த அதன் மாமன் பிள்ளைக்குத் தனியாரிடம் பணம் கொடுத்தாலன்றிக் கிடைக்கவில்லை. ஒருமுறை நோய் கண்டு மீண்டாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறை இயற்கைத் தொற்று கண்ட பிறகும் நடுத்தர, கடும் நோய்க்கு எதிரான காப்பு 79 விழுக்காடாகவே இருந்தது. ஆகவே தேறிவரும் நாள்கள், அடுத்த நோயைத் தடுப்பதற்கான நாள்களும் ஆகும்.

விடுப்பின் கணக்கிலும் இதே ஏற்றத்தாழ்வு தெரிகிறது. மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள்கள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளும் பெண்களுக்கு 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் 240 நாள்கள் வரை, ஒரேயொரு முறை, விடுப்பு அளித்தன. பிள்ளையோ ஒரே முறை நோயுறுவதில்லை. கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அந்த ஒரு முறையும் இல்லை.

செய்ய வேண்டியவை எளியவை. பெருஞ்செலவு பிடிப்பனவும் அல்ல. வீடு திரும்பும்போது, மாத்திரை எத்தனை நாள், உணவு எவ்வளவு, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் பெரிய எழுத்தில், படத்துடன், தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஒரு தாள். ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் ஆஷா பணியாளர் ஒருமுறை வந்து எடை பார்த்துச் செல்லுதல். அவ்வருகையின்போது தந்தையையும் அருகில் இருத்தி, ஊட்டுவதும் துடைப்பதும் அவருக்கும் உரிய வேலைகளே என்று கற்பித்தல். கூலிப் பெண்ணுக்கு நலவாரியத்தின் வழி சில நாள்களுக்கேனும் ஈட்டுத்தொகை. பதினான்காம் மாத்திரையைப் பிள்ளை விழுங்கிய பிறகுதான் அந்த நோயின் கணக்கை மருத்துவமனையும் அரசும் முடிக்க வேண்டும்.