சந்தா நின்றால் பூட்டிக்கொள்ளும் கோப்புகள்



ஒருமுறை விலை கொடுத்து விரும்பும் காலம்வரை பயன்படுத்தும் நிரந்தர உரிமத்தைக் கைவிட்டு, பக்கம் அமைக்கும் இன்டிசைன், படம் திருத்தும் போட்டோஷாப் ஆகிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளை 2013 முதல் சந்தாவுக்கு, அதாவது வாடகைக்கு மட்டுமே அடோபி நிறுவனம் வழங்கிவருவது, பயனரின் உழைப்பையே பிணையாக்குகிறது. இன்டிசைனில் பக்கம் அமைத்த புத்தகம் அம்மென்பொருளுக்கே உரிய கோப்பாகச் சேமிக்கப்படுவதால், சந்தா நின்றபின் மறுபதிப்புக்காக அதில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தக்கூடச் சிறு பதிப்பகம் மீண்டும் பணம் கட்ட நேர்கிறது; இது பெருங்கொடுமை. சந்தாவை நிறுத்துவதற்கும் விலை உண்டு: மாதத் தவணையில் செலுத்தும் ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்துவோரிடம் எஞ்சிய தவணைகளில் பாதியைக் கேட்கும் விதி மறைக்கப்பட்டதாகக் கூறி, அமெரிக்க அரசு 2024 ஜூனில் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. சந்தா முடிந்தாலும் பழைய கோப்புகளைத் திறந்து திருத்தும் வசதியைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.